ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கும் நடுவே

கேள்வி மேசையின் நடுவே நிற்கிறது, ஒருவரும் அதைத் தொடவில்லை, தீர்ப்புச் சொல்ல வந்திருக்கும் மெலிந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைச் சற்றே கீழிறக்கி என்னைப் பார்க்கிறார், அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழாக்கி முடித்த மொழிபெயர்ப்பாளர் ஐயா உதடுகளை மூடிக்கொண்டார், உங்கடை மகன் உயிரோடை இருக்கிறாரோ அம்மா, இவ்வளவுதான் கேள்வி, இந்தக் கேள்வியின் மறுகரையில் ஒரு நாடு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, சறுக்கினால் இந்தக் கரையில் ஒரு விமானம் காத்திருக்கிறது, என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் என் வழக்கறிஞர் சங்கவி பேனாவைக் கிடத்திவிட்டு இரு கைகளையும் மடியில் கோத்திருக்கிறாள், அவள் வாய் திறக்கமாட்டாள், இந்த இடத்தில் நீங்கள் தனியத்தான் அன்ரி நிக்கவேணும் என்று முன்பே சொல்லியிருக்கிறாள், ஆனால் எனக்குள்ளே பழைய விடை ஒன்று ஓடிவந்து நாக்கின் நுனியில் நிற்கிறது, சொல், சொல், எதையாவது சொல், அதிகாரி காத்திருக்கிறார், அதிகாரியைக் காக்க வைக்கலாமா, நீ யார் அவரைக் காக்க வைக்க என்று அது என்னை அதட்டுகிறது, இதே குரல்தான் விமான நிலையத்திலும் என்னை அதட்டியது, அங்கும் ஒருவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இளைஞர், மகன் வயதுகூட இராது, சட்டைக் கையில் நாட்டின் இலச்சினை, எனக்கென்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர், குளிருதா என்று சைகையால் கேட்டவர், அதனால்தான் இன்னும் பயம் பிடித்தது, கத்தும் அதிகாரியை எனக்குத் தெரியும், சிரிக்கும் அதிகாரியை எப்படி எதிர்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தங்கையின் மகளுக்குக் கலியாணம் என்று விசாக் கிடைத்து வந்தவள் நான், இறங்கியதும் என்னால் திரும்பிப் போக முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னவள் நான், அவர் தொலைபேசியை மேசையில் வைத்தார், அதற்குள்ளிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள், கணவர் எங்கே, காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளைகள் எத்தனை பேர், ஒரே மகன், பெயர் மயூரதன், மகன் எங்கே, அவர் பேனா காத்திருந்தது, மகன் இறந்துவிட்டாரா என்று தொலைபேசி கேட்டது, பேனா காத்திருந்தது, வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது, ஓம், செத்துப்போனான் என்றேன், எப்போது, நான் அவனைக் கடைசியாகக் கண்ட நாளைச் சொன்னேன், பேனா ஓடியது, அவர் நன்றி சொன்னார், நான் தண்ணீரைக் குடித்தேன், தாகம் தீர்ந்தது, என்ன செய்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை, கேள்விக்கு விடை கொடுத்துவிட்ட நிம்மதியில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டேன்.

செத்துப்போனான் என்றா சொன்னேன், நானா, கண்டி வீதியோரத்தில் தகரக் கொட்டகை போட்டு, காணாமல் போன மகனின் படத்தை மார்பில் சாத்தி, வெயிலையும் புழுதியையும் ஆண்டாண்டாகத் தின்ற பெண்களில் ஒருத்தி நானா அதைச் சொன்னேன், போர் முடிந்தபோது கடல்நீரேரிப் பாலத்தடியில், ஒரேயொரு நாள் இயக்கத்தில் இருந்தவனென்றாலும் பதிந்துவிட்டுப் போங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கி சொன்னதை நம்பி, என் கையாலேயே அவனைக் கொண்டுபோய் ஒப்படைத்தேனே, அவன் பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்து, அம்மா சாப்பிடுங்கோ, நான் வந்திடுவன் என்றானே, உயிரோடு கொடுத்தேன், கொடுத்த இடம் தெரியும், வாங்கியவர்கள் யாரென்று தெரியும், பட்டப்பகலில் ஊரே பார்க்க வாங்கிக்கொண்டார்கள், பிறகு அப்படியொரு பிள்ளை எங்களிடம் வரவேயில்லை என்றார்கள், அதன் பிறகு அலுவலகம் ஒன்றுக்குக் கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே இருத்தி, மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கோ அம்மா, ஏதோ ஒரு தொகை கிடைக்கும், ஆட்டுக்குட்டி வாங்கி வளக்கலாம் என்றார் ஒருவர், ஆட்டுக்குட்டி! பிள்ளையைக் கேட்டு வந்த தாய்க்கு ஆட்டுக்குட்டியைக் காட்டும் ஆட்சியும் ஓர் ஆட்சியா, பிணம் எங்கே என்று கேட்டேன், பிணத்தைக் காட்டு, கையெழுத்து வைக்கிறேன், காட்ட முடியாவிட்டால் பிள்ளையைக் காட்டு என்று எழுந்து வந்தேன், கொட்டகையில் எல்லாரும் எழுந்து நின்று என் கையைப் பிடித்தார்கள், அன்று வந்திருந்த ஒரு நிருபரின் கமெராவுக்கும் அதையே சொன்னேன், அந்த வாரம் என் வாசலில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நின்றார்கள், மகனைத் தேடித் திரியிறியோ, அவன் இருக்கிற இடத்துக்கே உன்னையும் அனுப்பிவிடட்டோ என்றான் ஒருவன், அடுத்த முறை வந்தபோது வாசலில் நிற்கவில்லை, வீட்டுக்குள் வந்தார்கள், அதன் பிறகுதான் தங்கை டிக்கெட் அனுப்பினாள், அப்படி ஓடிவந்தவள், அத்தனை பேர் அதட்டியும் சொல்லாத சொல்லை, தண்ணீர் தந்த ஒரு பையனிடம் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கே இது தெரியாமல் இருந்தது, தெரியவைத்தவள் சங்கவி, எங்களவர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் ஒரு நகைக்கடைக்கு மேலே அவள் அலுவலகம், படியேறும்போதே பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக் கொத்துரொட்டியின் தகர ஓசை கூடவே ஏறிவரும், தங்கை பவளராணிதான் என்னைக் கூட்டிப்போனாள், அரசாங்கமே அவளுடைய கூலியைக் கொடுக்கும், நீ ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள், நானும் கறுப்பு அங்கி, நரைத்த மீசை, தடித்த புத்தகம் என்று ஏதேதோ எண்ணிப் போனேன், ஓடப் போகிறவள்போல வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு சின்னப் பெண், கொண்டைக்குள் பென்சில் குத்தியிருந்தவள், கதவைத் திறந்து வாங்கோ அன்ரி என்றாள், இந்தப் பிள்ளையோ அப்புக்காத்து என்று தங்கையின் காதில் கேட்டேன், எனக்குக் காது நல்லாக் கேக்கும் அன்ரி, தமிழ்தான் கொஞ்சம் நொண்டும், நீங்கள் சிரிக்கக்கூடாது என்றாள் அவள், நான் சிரித்தேன், அந்த நாட்டை விட்டு வந்த பிறகு முதன்முதலாகச் சிரித்தேன், வந்தவர்களை நிற்கவைத்துப் பேசும் மேசைகளையே கண்டு பழகியவள் நான், அவளோ தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், நடுவில் மேசை இல்லை, கேட்பவளும் சொல்பவளும் ஒரே பக்கத்தில், இப்படி ஒரு வழக்கம் உலகத்தில் உண்டா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

பல நாட்கள் போனேன், பேசினேன், அவள் எழுதினாள், எழுதியதைத் தன் நொண்டித் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாள், ஒரு நாள் விமான நிலையக் குறிப்புகளின் பிரதி வந்திருந்தது, அதை வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள், கொண்டைப் பென்சிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள், அன்ரி, மயூரதன் எப்ப செத்தவர் என்றாள், ஆர் சொன்னது என்று பாய்ந்தேன், எவன் சொன்னது, அவன் வாயில புழு விழ, நீங்கள் சொன்னனீங்கள் அன்ரி, இஞ்சை இருக்கு, திகதியோடை இருக்கு என்றாள், அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் என்னை உடைத்தது, என் வாயால் என் பிள்ளையைக் கொன்றிருக்கிறேன், சுடத் துவக்கில்லாமல், புதைக்கக் குழியில்லாமல், ஒரு மிடறு தண்ணீருக்கு முன்னால் கொன்றிருக்கிறேன், கதிரையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன், அவளும் தரையில் வந்து உட்கார்ந்தாள், அதை அழி பிள்ளை, அந்தச் சொல்லை அழி, உனக்குக் கோடி புண்ணியம் என்றேன், அழிக்கேலாது அன்ரி, அது அவையின்ரை குறிப்பு, ஆனா அதுக்குப் பக்கத்தில உண்மையை வைக்கலாம் என்றாள், எப்படி வைப்பது, அவளுக்கே அப்போது தெரியவில்லை, எழுதித் தந்ததில் காணாமல் போனான் என்றும் வாயால் சொன்னதில் செத்தான் என்றும் இருந்தால், இவள் பொய்க்காரி என்று முழுக்கதையையும் தூக்கி எறிந்துவிடுவார்கள், மோட்டார் சைக்கிளும் பொய், கொட்டகையும் பொய், பாலமும் பொய், பிள்ளையே பொய் என்று ஆகிவிடும், இதை அவள் என்னிடம் மறைக்கவில்லை.

வீட்டில் தங்கை வேறு வழி வைத்திருந்தாள், அக்கா, சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு நில், செத்திட்டான் எண்டே சொல்லன், இரக்கமாவது வரும், மாத்திச் சொன்னியோ பிளேனிலை ஏத்தி விடுவாங்கள், அந்தப் பிள்ளை அப்புக்காத்து தோத்தால் அவவுக்கு அடுத்த கேஸ் இருக்கு, உனக்கு அடுத்த கழுத்து இருக்கோ, வெங்காயம் வெட்டியபடியே கேட்டாள், கண்ணீர் வெங்காயத்துக்கா எனக்கா என்று தெரியாதபடி கேட்டாள், கேட்டுவிட்டு, ஒரு சொல்லக்கா, ஒரே ஒரு சொல், சொல்லிப்போட்டு வந்து என்னோடை இரு, உன்னையும் துலைச்சிட்டு நான் என்ன செய்யிறது என்றாள், அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை, அவள் என்னை உயிரோடு வைத்திருக்கப் பார்த்தாள், நானும் ஒரு கணம் ஆசைப்பட்டேன், இதை மறைத்து என்ன பயன், மறுநாள் படியேறிப் போய், செத்தான் எண்டே இருக்கட்டும் பிள்ளை, நான் அதையே சொல்லுறன் என்றேன், சங்கவி என்னை நிமிர்ந்து பார்த்தாள், அது உண்மையோ அன்ரி, நான் தலையைக் குனிந்துகொண்டேன், உண்மை இல்லாததை நான் அங்கை கொண்டுபோய் வைக்கமாட்டன், அது என்ரை தொழிலில்லை, ஆனா ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு எனக்கு விளங்கவேணும், விளங்கினால்தான் அவைக்கு விளக்கலாம் என்றாள், எனக்கும் விளங்கவில்லை, கீழே கொத்துரொட்டி கொத்துப்பட்டது.

அப்போது அவள் ஏதோ விளையாட்டுப்போல, என்ரை கார் என்ன கலர் அன்ரி என்று கேட்டாள், வெள்ளை என்றேன், என்ரை அம்மாவுக்கு எத்தினை சகோதரம், நாலு என்றேன், இண்டைக்குக் காலமை நான் என்ன சாப்பிட்டனான், பாண் என்றேன், அவள் பென்சிலைக் கீழே வைத்தாள், அன்ரி, நீங்கள் என்ரை காரைக் கண்டனீங்களோ, இல்லைப் பிள்ளை, என்ரை அம்மாவைத் தெரியுமோ, இல்லை, அப்ப ஏன் சொன்னனீங்கள், நீ கேட்டனியெல்லோ பிள்ளை, கேட்டால் சொல்லத்தானே வேணும் என்றேன், நான் சொன்னது அறைக்குள் விழுந்து கிடந்தது, அவள் அதைக் குனிந்து எடுப்பதுபோல மெல்லக் கேட்டாள், தெரியாது எண்டு சொன்னால் என்ன நடக்கும் அன்ரி, என் இடது தோள் தானாகவே மேலெழுந்து காதை மூடியது, அவள் அதைக் கண்டாள், அந்த ஒரு கணத்தில் அவள் என் வழக்கைக் கண்டுபிடித்தாள்.

தெரியாது என்று சொன்னால் என்ன நடக்கும், வகுப்பில் எழுந்து நின்று தெரியாது என்று சொன்னவளின் விரல்மொழிகளில் ஆசிரியரின் அடிமட்டக் கோல் விளிம்பால் இறங்கும், பிழையான விடை சொன்னவளுக்கு ஓர் அடி, தெரியாது என்றவளுக்குப் பல அடி, அரசாங்கக் கந்தோரில் தெரியாது என்றால், தெரியாதெண்டால் ஏன் வந்தனீ என்று கடுதாசி முகத்தில் பறக்கும், காவலரணில் தெரியாது என்றால் வெயிலில் முழங்காலில் இருத்தி வைப்பார்கள், பிறகு முகாமின் முள்வேலிக்குள் அடைபட்ட காலத்தில் என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போய், உன் மகனோடு திரிந்தவர்கள் யார், தெரியாது, எங்கே புதைத்தீர்கள், எதை ஐயா, தெரியாது, தெரியாது, தெரியாது, ஒவ்வொன்றுக்கும் இடது காதில் ஓர் அறை, அந்தக் காதில் இன்றும் ஒரு வண்டு இரைகிறது, கடைசியில் வாய்க்கு வந்த பெயர்களைச் சொன்னேன், கடையில் சாமான் கட்டும் தாளிலிருந்த கதைகளில் வாசித்த பெயர்கள், பிறந்தேயிராத மனிதர்கள், எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள், அன்று கற்ற பாடம் அது, அன்பான பெரியோர்களே, தாய்மாரே, ஒரு முழு இனத்துக்கும் இந்தப் பாடத்தைக் கற்பித்தவர்கள் யார், அறியாமையை ஒப்புக்கொள்வது அறிவின் வாசற்படி அல்லவா, அந்த வாசலில் பிரம்போடும் துவக்கோடும் காவல் நின்றவர்கள் யார், உண்மையைச் சொன்னால் அடி, பொய் சொன்னால் விடுதலை என்று ஏழைப் பெண்ணின் எலும்பில் எழுதிவிட்டு, பிறகு அவளையே பொய்க்காரி என்று ஏளனம் செய்வது எந்த ஊர் நியாயம், யாரிடம் கேட்கிறேன், நான் மேடையில் நிற்கவில்லை, நகைக்கடைக்கு மேலே ஒரு நாற்காலியில் இருக்கிறேன், என் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை எழுதுகிறாள், எழுதும்போது மூக்கை உறிஞ்சுகிறாள், தடிமன் அன்ரி என்று பொய் சொல்கிறாள்.

அவள் அதையெல்லாம் என் வாக்குமூலத்தில் சேர்த்தாள், அடிமட்டத்தையும் அறையையும் வண்டையும் சேர்த்தாள், ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போய் என் காதைப் பார்க்க வைத்தாள், அந்த அறிக்கையையும் சேர்த்தாள், விமான நிலையத்தில் நான் சொன்னது பிழை என்றும், ஏன் அந்தப் பிழை வந்தது என்றும், அவர்கள் எங்களைக் கேட்பதற்கு முன்னே தானாகவே எழுதிக் கொடுத்தாள், பிறகு எனக்குப் பயிற்சி தந்தாள், எப்படிப்பட்ட பயிற்சி, பேசக் கற்பித்தாள் என்பீர்கள், இல்லை, பேசாதிருக்கக் கற்பித்தாள், கேள்வி வந்ததும் ஓடாதேங்கோ அன்ரி, அதைக் கொஞ்சம் பாத்துக்கொண்டிருங்கோ, தெரிஞ்சால் சொல்லுங்கோ, தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ, அதுவும் விடைதான் என்றாள், என் சப்பாத்து என்ன அளவு என்பாள், ஆறு என்று துள்ளி வந்துவிடும், இருவரும் சிரிப்போம், அக்காவுக்குப் பள்ளிக்கூட ஏஎல் சோதினையோ என்று தங்கைகூடக் கேலி செய்தாள், ஆனால் அவள் வெங்காயம் வெட்டும்போது இப்போது அவளே கேட்பாள், அக்கா நாளைக்கு மழை வருமோ சொல், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன், சொல்லன் அக்கா, தெரியாதடி என்பேன், தோள் எழும், எழுந்த தோளைத் தங்கை தன் ஈரக் கையால் அமர்த்திவிடுவாள்.

இப்போது தங்கை இங்கே இல்லை, கீழே வாசலில் காத்திருக்கிறாள், என் காதில் வண்டு மட்டும் இரைகிறது, மெலிந்த மனிதர் இன்னும் பார்க்கிறார், அம்மா கேள்வி விளங்கினதோ என்று மொழிபெயர்ப்பாளர் ஐயா மெதுவாகக் கேட்கிறார், விளங்கினது ஐயா என்கிறேன், நாக்கின் நுனியில் நிற்கும் பழைய விடையைப் பார்க்கிறேன், அதுவும் என்னைப் பார்க்கிறது, பஸ்ஸின் படியில் மயூரதன் திரும்பிப் பார்க்கிறான், இவனைச் செத்தவன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் என்னிடம் ஆதாரமில்லை, அவனைப் பற்றி எனக்கு மிச்சமிருக்கும் உண்மை ஒன்றேயொன்று, அதைச் சொல்ல வாயைத் திறக்கிறேன்.

தெரியாது.

தோள் எழுந்துவிட்டது, காது சுட்டுவிட்டது, கண்ணை மூடிக்கொண்டேன், ஒன்றும் விழவில்லை, ஐயா அந்தச் சொல்லை ஆங்கிலமாக்கும் சத்தம் மட்டும் கேட்டது, பேனா ஓடும் சத்தம் கேட்டது, கண்ணைத் திறந்தபோது மெலிந்த மனிதர் எழுதி முடித்துத் தலையசைத்தார், அவசரமில்லை, தண்ணீர் குடியுங்கள் என்றார், அடுத்த கேள்வியைக் கேட்டார், அதற்கு எனக்கு விடை தெரிந்திருந்தது, சொன்னேன், அதற்கடுத்ததற்கும் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன், கொட்டகையைச் சொன்னேன், அணைக்காத மோட்டார் சைக்கிளின் புகை மணத்தைக்கூடச் சொன்னேன், சங்கவி தன் முறை வந்ததும் எழுந்து, நொண்டாத ஆங்கிலத்தில், தெளிந்த குரலில் பேசினாள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கொட்டகையில் எழுந்து நின்று என் கையைப் பிடித்த அத்தனை பெண்களும் அவள் தொண்டைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது, தொழில் என்று சொன்னாளே, இதுவா தொழில், அப்படியானால் தொழில் என்ற சொல்லுக்கு இத்தனை நாள் நான் கொடுத்த மதிப்புப் போதாது, கூலிக்குச் செய்யும் வேலையில் இத்தனை நேர்மை இருக்கலாம் என்றால், சும்மா செய்யும் தருமங்கள் எல்லாம் எழுந்து நின்று இவளுக்கு வழிவிடட்டும்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பிறகு கூப்பிட்டார்கள், மெலிந்த மனிதர் வாசித்தார், ஐயா தமிழாக்கினார், முரண்பாட்டுக்கு அம்மா தந்த விளக்கத்தை ஏற்கிறேன், அவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் தெரிந்ததாகச் சொன்னதையும் நம்புகிறேன், இந்த நாடு அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது, சங்கவி என் கையைப் பிடித்தாள், அவள் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது, அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நேரமும் அவளும் பயந்திருக்கிறாள், நான் பெறாத பிள்ளை, எனக்காகப் பயந்திருக்கிறாள், அம்மா ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று மெலிந்த மனிதர் கேட்டார், நன்றி சொல்லத்தான் எழுந்தேன், கும்பிட்ட கையோடுதான் எழுந்தேன், ஆனால் வாழ்நாளெல்லாம் விடை சொல்லியே களைத்த வாயிலிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டது, ஐயா, நீங்கள் பெரிய இடத்தில இருக்கிறியள், என்ரை பிள்ளை எங்கை எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ.

மொழிபெயர்ப்பாளர் ஐயா தயங்கினார், சங்கவியைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள், அவர் ஆங்கிலத்தில் சொன்னார், மெலிந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் காத்திருந்தேன், அவர் பார்வை என்னிடமிருந்து விலகவில்லை, பிறகு அவர் சொன்ன விடையை ஐயா எனக்குத் தமிழாக்கினார், எனக்குத் தெரியாது அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள், என் வயதில் எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், இந்த விடையை எந்த மேசையும் எனக்குத் தந்ததில்லை, நன்றி ஐயா என்றேன், இந்த முறை அந்தச் சொல்லே வந்தது, நான் உட்காரவில்லை, அவரும் அடுத்த வழக்கின் தாளைத் தொடவில்லை, அறையில் இருந்த அத்தனை பேரும் மயூரதனுக்காகக் கொஞ்ச நேரம் பேசாதிருந்தோம்.